முட்டைக் கோதில் நல்லெண்ணெய்

என் மூத்த மகள் பெரிய பிள்ளையான அன்று பொழுது சாய முதலே மச்சாள் வந்துவிட்டார். மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா, பிள்ளைக்கு மாமி. மாமி வந்து முதல் தண்ணீர் வார்க்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு காரியமும் நகராது. ஒரு கையில் புது உடுப்புப் பை, மற்றக் கையில் மட்டையில் அடுக்கிய முட்டை. முட்டை அவருடைய சொந்தப் பண்ணையில் இட்டது. கொடிகாமத்துக்கு அங்கால் அவரும் அவருடைய கணவரும் நீளக் கொட்டகை போட்டு முட்டைக்கோழி வளர்க்கிறார்கள். சாவகச்சேரிச் சந்தையைச் சுற்றியுள்ள கடைகள் பலவற்றுக்கு அங்கிருந்துதான் முட்டை போகிறது. தன் மருமகள் கடை முட்டை குடிக்கத் தான் விடமாட்டேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

குடிக்க என்றுதான் சொன்னார். எங்கள் ஊர்களில் வயதுக்கு வந்து சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு முட்டை தின்னக் கொடுப்பதில்லை, குடிக்கக் கொடுப்போம். காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டை. கரண்டிக் காம்பால் முட்டையின் தலையில் தட்டிச் சின்ன ஓட்டை போட்டு, அதை அப்படியே வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். பிறகு வெறுமையான அதே கோதுக்குள் நல்லெண்ணெயை நிரப்பி அதையும் குடிக்க வேண்டும். கோதுதான் அளவு. வேறு பாத்திரத்தில் அளந்தால் பலன் இல்லையாம். இடுப்புக்குப் பலம், பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றுக்குப் பலம் என்று காரணம் சொல்வார்கள். எனக்கும் என் காலத்தில் தந்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. “எங்களுக்கு ஒண்டும் ஆகேல்லையே” என்ற இந்த ஒரு வசனத்தைப் பிற்பாடு நான் காது புளிக்கக் கேட்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாவகச்சேரியில் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். கலியாண ரவிக்கை, சாமத்திய வீட்டுப் பாவாடை சட்டை எல்லாம் தைக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் கணவரின் ஆட்கள் சொல்வார்கள். கொஞ்சம் என்பது அவர்களின் பெருந்தன்மை. என் கணவர் எனக்கு நேர் எதிர். இரண்டு பேர் சண்டை பிடித்தால் இருவருக்கும் தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்கிற மனிதர். எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளுக்குத் தண்ணீர் வார்த்தபோது இளையவள் கதவோரம் நின்று, அக்கா முட்டையைக் கண்டு முகம் சுளிப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்தது அவள் முறை என்று மச்சாள் அவளைக் கேலி செய்தார்.

சடங்குக்கு நாள் குறித்து, ஹோல் பதிந்து, படப்பிடிப்புக்காரருக்கும் சொல்லியாகிவிட்டது. பிள்ளை அறைக்குள் இருந்தாள். முட்டையும் எண்ணெயும், பிறகு உழுத்தங்களி, பத்தியச் சோறு என்று ஒழுங்காக நடந்தது. ஒரு காலை அவள் முட்டையைப் பார்த்ததும் ஓங்காளித்தாள். முட்டை மணம் பிடிக்கவில்லை என்று நடிக்கிறாள் என்றார் மச்சாள். மத்தியானம் வயிற்றால் போகத் தொடங்கியது. பின்னேரம் உடம்பு அனலாகக் கொதித்தது. என் கணவர் ஓடிப்போய்ப் பாமசியில் காய்ச்சலுக்கும் வயிற்றுக்கும் என்று இரண்டு நிறக் குளிசைகள் வாங்கி வந்தார். எங்கள் பாமசிகளில் டொக்டர் எழுதிய துண்டு இல்லாமலே தருவார்கள். என்ன வருத்தம் என்று சொன்னால் போதும், டொக்டரிடம் போன மாதிரித்தான். அந்தக் குளிசை உள்ளே நின்றால்தானே. விழுங்கியதும் வெளியே வந்தது.

அடுத்த நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. பிள்ளையின் கண் உள்ளே போய்விட்டது. உதட்டில் தோல் காய்ந்து நின்றது. கூப்பிட்டால் கொஞ்சம் தாமதித்துத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்றேன். வீட்டில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒன்றாக மச்சாளைப் பார்த்தார்கள். துடக்கு என்கிற தீட்டுக் கழியமுதல் பிள்ளை வெளியே போகக்கூடாது. கண்ணூறு படும், காத்துக் கறுப்பு அண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மச்சாள் அறை வாசலில் கையை விரித்து நிற்கவில்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் வாசலில்தான் நின்றார்.

“துடக்கோடை படி தாண்டக்கூடாது. சடங்குத் தண்ணி வாக்கட்டும், பிறகு பாப்பம்” என்றார்.

“பிள்ளை இருந்தால்தானே மச்சாள் தண்ணி வாக்கலாம்” என்றேன்.

பிள்ளையைப் போர்வையோடு தூக்கினேன். என் கணவர் ஓட்டோவை மறித்திருந்தார். அந்த விஷயத்தில் அவர் என்னைக் கைவிடவில்லை. போகும்போது பின்னால் யாரோ பிள்ளையின் கையில் ஒரு இரும்புத் துண்டையாவது கொடுத்து விடுங்கோ என்று கத்தியது கேட்டது. என் சட்டையில் எப்போதும் குத்தியிருக்கும் தையல் ஊசி இருக்கிறது, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, தாமதிக்காமல் அம்புலன்ஸில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே வாட்டில் ஒரு இளம் பெண் டொக்டர். என் கடைக்கு உடுப்புத் தைக்க வருகிற பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு ஊசி மருந்து தொடங்கினார். ரிப்போட் வரக் கொஞ்சம் நாள் எடுக்கும், அதுவரை இந்தக் காய்ச்சலுக்கு வழக்கமாகக் கேட்டு வேலை செய்கிற மருந்தைக் கொடுப்போம் என்றார். நான் நம்பிக்கையோடு இருந்தேன். ஊசி என்றால் காய்ச்சல் இறங்கத்தானே வேண்டும். சின்ன வயதில் இருந்து அப்படித்தான் கண்டிருக்கிறேன்.

இறங்கவில்லை. ஊசி ஏறிக்கொண்டே இருந்தது, காய்ச்சலும் ஏறிக்கொண்டே இருந்தது. பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் வந்தார்கள், சுகமாகிப் போனார்கள். என் பிள்ளை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள். பயம் என்றால் என்ன என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. சண்டைக் காலத்தில் ஷெல் அடித்தபோதும் பயந்திருக்கிறேன், ஆனால் அப்போது ஓடுவதற்கு ஒரு பக்கம் இருந்தது. இங்கே மருந்து போகிறது, நோய் அசையவில்லை, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை.

டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று முதலில் இருந்து கேட்டார். நான் முட்டையையும் கோதையும் எண்ணெயையும் சொன்னேன். அவரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான். தனக்கும் தந்தார்கள் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அந்தக் கோதைக் கழுவினீர்களா என்று கேட்டார். கோழி இட்டபடி, எச்சம் ஒட்டிய இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு வாயில் வைத்தோம் என்றேன். முட்டை எங்கேயிருந்து வந்தது, அங்கே கோழிகளுக்கு மருந்து கொடுப்பார்களா என்று கேட்டார். எனக்கு மச்சாளின் கொட்டகை கண்ணில் வந்தது. கோழிகள் குடிக்கும் தண்ணீர் சில நாட்களில் மஞ்சளாக இருக்கும். அது மருந்துத் தூள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதை மறைத்ததில்லை. மழைக்காலம் வந்தால் நாங்கள் கொத்தமல்லி குடிக்கிற மாதிரி அவை தூள் குடிக்கும்.

அடுத்த நாள் ரிப்போட் வந்தது. டொக்டர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். வட்டத் தட்டில் கிருமியை மெல்லிய ஆடையாகப் படர விட்டு, அதன்மேல் ஒவ்வொரு மருந்தும் தோய்த்த சின்னக் கடதாசிப் பொட்டுகளை வைத்திருக்கிறார்கள். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி விலகி வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். எண்ணெய்ச் சட்டியில் சவர்க்காரத் துளி விழுந்தால் விலகுமே, அப்படி. என் பிள்ளையின் தட்டில் பெரும்பாலான பொட்டுகளின் விளிம்பு வரை கிருமி தாராளமாக வந்து நின்றது. நாங்கள் ஏற்றிக்கொண்டிருந்த மருந்தின் பொட்டும் அதற்குள் அடக்கம்.

“இந்தக் கிருமி எங்கடை மருந்தை முதலே எங்கையோ கண்டிருக்கம்மா. கோழிக்குக் குடுக்கிற தூளும் நான் உங்கடை பிள்ளைக்கு ஏத்தின மருந்தும் சொந்தக்காரர் மாதிரி” என்றார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். கோழியின் வயிற்றில் கிருமி இருக்கும். கோழிக்கு ஒன்றும் செய்யாது. சும்மா சும்மா தூள் கலக்கும்போது நோஞ்சான் கிருமிகள் செத்துப்போகின்றன. மருந்தைத் தாக்குப்பிடித்தவை மிஞ்சி, அந்த இடம் முழுவதையும் தங்கள் குடும்பத்தால் நிரப்புகின்றன. அவை எச்சத்தில் வரும், கோதில் ஒட்டும், சில வேளை முட்டைக்குள்ளேயே இருக்கும். கோழி வெட்டிய கத்தியில் இருந்து சம்பலுக்குப் போகும். கோழி எருவை வெங்காயத் தோட்டத்துக்குப் போடுகிறோம். எங்கள் மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல், மேலே ஊற்றியது கிணற்றில் வந்து நிற்கும். மனிதருக்குள் வந்தால் எங்கள் பாமசிக் குளிசைகளை அரைகுறையாகப் போட்டு அதற்கு மேலும் பயிற்சி கொடுக்கிறோம். கோழியில் இருந்து மனிதருக்கு, மனிதரில் இருந்து தண்ணீருக்கு, மறுபடி கோழிக்கு. சுற்றிக்கொண்டே இருக்கும்.

மிச்சமிருந்த மருந்துகளில் ஒன்றுக்கு மட்டும் நல்ல வட்டம் விழுந்திருந்தது. அதைத் தொடங்கினார்கள். அது வேலை செய்யாவிட்டால் என்று நான் கேட்கத் தொடங்கினேன். டொக்டர் என் கையைப் பிடித்து, இப்போது அதை யோசிக்க வேண்டாம் என்றார். நான் அதை மட்டும்தான் யோசித்தேன். காய்ச்சல் மெல்ல மெல்ல இறங்கியது. ஒரு காலை பிள்ளை என்னைப் பார்த்து, இடியப்பமும் சொதியும் வேணும் என்றாள். நான் வாட்டுக்கு வெளியே போய் நின்று அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். ஒரு கோழிக் கொட்டகைத் தூளுக்கும் ஒரு முட்டைக் கோதுக்கும் நடுவில் என் பிள்ளை போகப் பார்த்தாள் என்ற கோபம். வீட்டில் இன்னொருத்தி கதவோரம் நின்று சிரித்தாளே, அடுத்தது அவள் முறை என்ற நினைப்பு வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

மச்சாள் வாட்டுக்கு வந்தார், வெறுங்கையோடு அல்ல. பிளாஸ்கில் கோழிச் சூப். அவர் கெட்ட மனிதர் அல்ல, இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். பிள்ளையின் மெலிந்த கையைத் தொட்டதும் அவருடைய கண் கலங்கியது. நான் அந்த இடத்திலேயே விஷயத்தைச் சொன்னேன். வேறு யாராவது என்றால் வீட்டுக்கு வந்த பிறகு பக்குவமாகச் சொல்லியிருப்பார்கள். எனக்குப் பக்குவம் வராது.

அவருக்கு அது நம்ப முடியாத அவதூறு. “மருந்து குடுக்காத கோழிக்குத்தான் பயப்பிட வேணும். நாங்கள் வருத்தம் வர முதலே குடுக்கிறனாங்கள்” என்றார்.

அதைத்தான், மச்சாள், டொக்டர் பிழை என்கிறார் என்றேன். அவர் என்னையும் அங்கால் நின்ற டொக்டரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, தான் சாமத்தியப்பட்டபோது குடித்ததையும், தன் மகள்மார் குடித்ததையும், என் கணவரின் சொந்தத்தில் யார் யார் குடித்தார்கள் என்பதையும் வரிசையாகச் சொன்னார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் குடித்தது முற்றத்தில் மேய்ந்த கோழியின் முட்டை, அந்தக் கோழிக்கு யாரும் தூள் கலக்கவில்லை, பழக்கம் பழையதுதான் ஆனால் கிருமி புதியது என்று நான் சொன்னேன். அவர் சூப்பை வைத்துவிட்டுப் போனார். நல்ல கொதி சூப், பிள்ளைக்குக் கொடுத்தேன். கொதித்ததில் எனக்கு விரோதம் இல்லை.

பிறகு நான் செய்ததுதான் குடும்பத்தில் பெரிய குற்றமாகப் போனது. மிருக வைத்தியரிடம் போனேன். பண்ணையைப் பார்க்கச் சொன்னேன். யாருடைய பண்ணை என்று கேட்டபோது மழுப்பாமல் சொன்னேன். என் கணவர் அன்று முதல் முறையாக எனக்குத் தேத்தண்ணீர் போட்டுத் தரவில்லை. சொந்தத்துக்குள் பிரச்சினை வேண்டாம், பிள்ளைதான் சுகமாகிவிட்டாளே என்றார். இளையவள் இருக்கிறாளே என்றேன். அடுத்த நாள் தேத்தண்ணீர் வந்தது.

மிருக வைத்தியர் எச்சமும் முட்டையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் என்னையும் மச்சாளையும் அவருடைய கணவரையும் இருத்தி வைத்துச் சொன்னார். பிள்ளையின் இரத்தத்தில் இருந்த அதே வகைக் கிருமி கொட்டகையிலும் இருக்கிறது. அதே மருந்துகளுக்கு அதுவும் மசியவில்லை. ஆனால் குறிப்பாக இந்தப் பண்ணை முட்டையில் இருந்துதான் பிள்ளைக்கு வந்தது என்று அடித்துச் சொல்ல இந்தச் சோதனை போதாது, இன்னும் நுட்பமான சோதனை வேண்டும் என்றார். நேர்மையான மனிதர். அந்த “போதாது” என்ற சொல்லை மச்சாள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும், பார், சொல்ல முடியாதாம் என்றார். நான் பண்ணையைக் கோட்டு வழக்குக்கு இழுக்கவில்லை மச்சாள், முட்டையை அடுப்புக்குத்தான் இழுக்கிறேன் என்றேன். அதுவும் அவருக்கு நக்கலாகப் பட்டது. கொஞ்சம் நக்கல்தான்.

தள்ளிப்போட்ட சடங்குக்கு மறுபடி நாள் வைத்தார்கள். அதற்கு முன் பெரியவர்கள் கூடி எனக்கு ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். வேண்டுகோள் என்றால் கட்டளைக்கு மரியாதையான பெயர். ஹோலில் ஆட்கள் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்டால், காய்ச்சல் என்று மட்டும் சொல்ல வேண்டும். முட்டை, கோழி, தூள் என்ற சொற்கள் வாயில் வரக்கூடாது. குடும்ப மானம் போய்விடும். நான் தலையாட்டவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டேன் என்று நினைக்கும் அளவுக்கு அவர்கள் இன்னும் என்னை அறியவில்லை.

ஹோல் நிறைந்த சனம். பிள்ளை நான் தைத்த சட்டைக்குள் பாதிதான் இருந்தாள். எத்தனை தரம் பிடித்துத் தைத்தும் தோள் வழுகியது. மாமி என்ற முறைக்கு மச்சாள் முன்னுக்கு நின்று ஆராத்தி எடுத்தார். பட்டுச் சேலையும் நகையுமாக அவர் விளக்கோடு நின்றபோது, இந்தப் பிள்ளையில் அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரிந்தது. பிறகு பெண்கள் வரிசையாக என்னிடம் வந்தார்கள். முதலாவதாக வந்தவர் என் நெடுநாள் வாடிக்கைக்காரி. ஏன் பிள்ளை இப்படி மெலிந்து போனாள் என்று கேட்டார்.

சொன்னேன். முட்டையில் தொடங்கி, கோது, எச்சம், மஞ்சள் தூள், ஊசி, வட்டம் விழாத பொட்டு வரைக்கும் சொன்னேன். யாருடைய பண்ணை என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, எந்தப் பண்ணையானாலும் கதை அதுதான். உங்கள் வீட்டில் அடுத்த பெண்பிள்ளை யார் என்று அவரைத் திருப்பிக் கேட்டேன். அவருக்கு ஒரு பேத்தி இருந்தாள். அடுத்தவரிடமும் அதையே சொன்னேன். சாப்பாட்டுப் பந்தியில் வரிசை வரிசையாகப் போய், சாம்பாருக்கும் பாயாசத்துக்கும் நடுவில் வயிற்றோட்டம் பற்றிச் சொன்னேன். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். சிலர் இலையை மூடாமல் கேட்டார்கள். ஒருவர் தங்கள் வீட்டில் ஒருத்தி இப்போது அறைக்குள்தான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுக் கைகழுவ முதல் போன் எடுத்தார். அந்த ஒரு போனுக்காக இன்னும் பத்து ஹோலில் வயிற்றோட்டம் பற்றிக் கதைப்பேன்.

அந்தக் கோதைப் பிள்ளையின் வாயில் வைத்தது நீதானே என்று என்னையே மடக்கியவர்களும் உண்டு. ஓம், நான்தான். தெரியாமல் வைத்தேன், தெரிந்ததும் எடுத்தேன், மற்றவர் கையிலிருந்தும் எடுக்கிறேன். அதற்காக நான் மூலையில் இருந்து தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்.

வீட்டுக்கு வந்ததும் உண்மையில் என்னை மடக்கியவள் என் மகள்தான். சடங்குச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“அம்மா, என்ரை வயித்தாலை போன கதையை ஹோல் முழுக்கச் சொல்லிப்போட்டீங்கள். நான் இனி எப்பிடிப் பள்ளிக்கூடம் போறது?”

ஊருக்கே பதில் வைத்திருந்த வாயால் மன்னித்துக்கொள் பிள்ளை என்றேன். ஆனால் திரும்ப ஒரு ஹோல் கிடைத்தாலும் சொல்லத்தான் செய்வேன் என்றும் சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மச்சாள் எங்களோடு கதைப்பதை நிறுத்தினார். அவருடைய பக்கத்து ஆட்கள் உடுப்பை வேறு கடைகளில் தைத்தார்கள். நான் சும்மா இருக்கவில்லை. கோழித்தீன் கடைக்குப் போய், அந்தத் தூளை வைத்தியரின் துண்டு இல்லாமல் ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். அக்கா உங்களுக்கு எத்தனை கோழி என்று திருப்பிக் கேட்டார்கள். ஒன்றும் இல்லை, பிள்ளைகள்தான் இருக்கிறார்கள் என்றேன். அவர்கள் இப்போதும் விற்கிறார்கள். நானும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இறங்கிக் கேட்கிறேன். பாமசியிலும் அப்படித்தான்; என்னைக் கண்டால் குளிசைப் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு வேறு வேலை பார்க்கிற மாதிரிக் காட்டுகிறார்கள். நான் செத்தாலும் இந்தக் கிருமி சாகாது என்று எனக்குத் தெரியும். அதற்காக வழிவிட்டு நிற்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லையே.

இடையில் சந்தையில் ஒரு கதை கேட்டேன். மச்சாளின் கணவர் கோழிகளைக் கழித்துவிட்டு, கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, கொஞ்சக் காலம் வெறுமையாகக் காயப் போட்டிருக்கிறாராம். புதுக் குஞ்சுகளை மிருக வைத்தியர் வந்து பார்க்கிறாராம். எனக்கு ஒருவரும் நேரே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருடம் இளையவள் பெரிய பிள்ளையானாள். என்ன கோபம் என்றாலும் மாமிக்குச் சொல்லாமல் விட முடியாது. என் கணவர் போய்ச் சொன்னார். நான் சமையலறையில் நின்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாம் ஆயத்தம். என் உயிர் போனாலும் பச்சை முட்டை இந்த அறைக்குள் போகாது.

மச்சாள் வந்தார். ஒரு கையில் புது உடுப்புப் பை, மற்றக் கையில் முட்டை மட்டை. தண்ணீர் வார்த்தார். பிள்ளையை உடுப்பு மாற்றி இருத்தினார்கள். அடுத்த நாள் காலை மறுபடி வந்து, என்னைப் பாராமல் சமையலறைக்குள் வந்து ஒரு முட்டையை எடுத்தார். பழக்கத்தில் கரண்டியையும் தேடினார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மூத்தவள் வந்துவிட்டாள். பள்ளிக்கூடச் சீருடையோடு இருந்தாள், தலை பாதி பின்னியபடி இருந்தது. மாமியின் கையில் இருந்து முட்டையை வாங்கி, சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். பிறகு தன் கையையும் கழுவினாள். அடுப்பை மூட்டித் தாச்சியை வைத்து நல்லெண்ணெயை ஊற்றினாள். என்னை அவள் பார்க்கவில்லை, மாமியைத்தான் பார்த்தாள்.

“நான் தப்பினனான் மாமி. இவளுக்கு அந்த மருந்தும் கேக்குமோ தெரியாது” என்றாள்.

கதைக்க எவ்வளவோ இருந்தும் என் வாழ்க்கையில் முதல் தரம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மகள் முட்டையை உடைக்கத் தாச்சிக்கு மேலே கையைக் கொண்டுபோனாள். மச்சாள் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

“பொறு பிள்ளை” என்றார். “எண்ணெய் நல்லாக் காயட்டும். பிறகு ஊத்து. ரெண்டு பக்கமும் வேக வேணும்.”